மூன்று பூட்டுப் பெட்டி

ஷேக்ஸ்பியர் எந்த நாளில் பிறந்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. ஏப்ரல் 23 என்று நாம் படித்ததெல்லாம் யூகம்தான். எழுத்தில் இருப்பது ஒரே ஒரு வரி: 1564 ஏப்ரல் 26 அன்று, ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்க் கோயிலில், ஜானின் மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம். லத்தீனில் எழுதியிருக்கிறது. அப்பா பெயர் உண்டு, அம்மா பெயர் இல்லை. அதே புத்தகத்தில் ஜூலை 11ஆம் தேதி ஒரு பயிற்சிப் பையனை அடக்கம் செய்த குறிப்பு வருகிறது. கொள்ளை நோய் இங்கேதான் ஆரம்பித்தது என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வில்லியமுக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இந்த மாதிரிப் புத்தகங்கள் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் உண்டு. ஊர் என்றால் 'பாரிஷ்'. நம் ஊர் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள், தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் சேகரம் என்பார்கள். பெரும்பாலும் ஒரு கோயிலும் அதைச் சுற்றியுள்ள கிராமமும்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியர். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து, கல்யாணமாகி செகந்திராபாத்துக்கு வந்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் குடிவந்த முதல் வாரமே சிநேகிதமாகிவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் பெர்த்தில். அங்கே பேரனைப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்ல, எங்க பாட்டன் பூட்டன் எந்த ஊர்னு பாத்துச் சொல்லேன்" என்று குடும்ப பைபிளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டார். அதன் முதல் பக்கத்தில் ஆறு தலைமுறைப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனிப் படைச் சிப்பாய் ஒருவர். அவருக்கு மேலே வெறும் தாள்.

நம் வீடுகளில் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறை சொல்லத் தெரிந்தால் பெரிய விஷயம். நான்காவது பெயரைக் கேட்டால் சித்தப்பாவுக்கு போன் போடுவோம், அவர் ஊர்ப் பெரியவர் யாரையாவது கைகாட்டுவார். இங்கிலாந்திலோ நெசவாளி, கூலியாள், பிச்சைக்காரர் வரைக்கும் 450 வருஷத்துக்கு மேலாக எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படி?

1538ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாதிரியாரும் ஒரு புத்தகம் வைத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுத வேண்டும். புத்தகம் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். இது புது வரிக்கு அடிபோடும் வேலை என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் வீண் போகவில்லை, பலிக்கத்தான் கொஞ்ச காலம் ஆயிற்று :-)

அப்போது எழுதியதில் நிறைய சாதாரணக் காகிதத்தில் எழுதியது. 1598ல், எலிசபெத் ராணி காலத்தில், எல்லாவற்றையும் தோல் ஏட்டில் படி எடுக்கச் சொன்னார்கள். ஆரம்பத்திலிருந்து எடுங்கள், முக்கியமாக ராணி பட்டத்துக்கு வந்த காலத்திலிருந்தாவது எடுங்கள் என்றது உத்தரவு. அந்த 'முக்கியமாக' போதாதா? பல ஊர்களில் முதல் இருபது வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு 1558லிருந்து எழுதினார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு புத்தகமும் 1558ல்தான் தொடங்குகிறது. வில்லியமின் வரியும் அப்படிப் படி எடுத்ததுதான், அன்றைக்கே எழுதியது அல்ல. 1603ல் பெட்டிக்கு மூன்று பூட்டு என்று ஆயிற்று. ஒரு சாவி பாதிரியாரிடம், மற்ற இரண்டும் கோயில் பொறுப்பாளர்கள் இருவரிடம். வருஷா வருஷம் ஒரு நகல் பிஷப்புக்குப் போக வேண்டும். மூலம் எரிந்தோ கரையான் தின்றோ போன ஊர்களில் இந்த நகல்தான் இன்றைக்குக் கைகொடுக்கிறது.

தேடுகிறவர்களைத் தலைசுற்ற வைப்பது தேதி. 1752க்கு முன்னால் அங்கே புது வருஷம் மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. ஷேக்ஸ்பியரின் இரட்டைக் குழந்தைகள் ஹாம்னெட், ஜூடித் ஞானஸ்நானம் நம் கணக்கில் 1585 பிப்ரவரி 2. புத்தகத்தில் அது 1584. இது தெரியாமல் தேடினால் கல்யாணத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்த மாதிரி, செத்த பிறகு ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி எல்லாம் வரும். பெயர் எழுத்தும் அப்படித்தான். பாதிரியார் காதில் விழுந்ததே எழுத்துக்கூட்டு. ரேஷன் கார்டில் ராமஸ்வாமி, ஸ்கூல் சர்டிபிகேட்டில் ராமசாமி என்று வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீஸில் நின்ற நமக்கு இது புதிதில்லை.

மற்றபடி இந்தப் புத்தகங்கள் அரசாங்கத்துக்கு எது வேண்டுமோ அதைத்தான் சொல்கின்றன. கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றப் பிணத்தையும் கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்று 1660களில் சட்டம் வந்தது. மீறினால் 5 பவுண்டு அபராதம். ஆகவே அடக்கக் குறிப்புகளில் செத்தவரின் வயது இல்லை, கம்பளியில் புதைத்தார்கள் என்ற உறுதிமொழி இருக்கிறது! சொத்துத் தகராறும் ரகசியக் கல்யாணமும் பெருகியதால் 1754லிருந்து கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அல்லது அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கட்டாயமாக்கினார்கள். இதில் ஒரு லாபம், சாதாரண ஜனங்களின் கை முதன்முதலாகத் தாளில் படுகிறது. எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி சிலது நடுங்கியிருக்கும், சிலது தாள் கிழியும் அளவுக்கு அழுத்தியிருக்கும். ஒரு மத்தியானம் முழுக்க இவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரியும் வந்தது. 1695லிருந்து 1706 வரை ஒரு முறை. மறுபடி 1783ல், குறிப்பு ஒன்றுக்கு 3 பென்ஸ். வசூல் பண்ணிக் கொடுக்கும் பாதிரியாருக்குப் பவுண்டுக்கு 2 ஷில்லிங் கமிஷன். பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு, அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அதற்கொரு அடையாளம் போடுவார்கள். விளைவு என்ன? சில ஊர்களில் திடீரென்று ஏழைகள் பெருகிவிட்டார்கள். சிலர் குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுக்காமல் தள்ளிப் போட்டார்கள். 1794ல் வரியை எடுத்ததும் நாலைந்து பிள்ளைகளை ஒரே நாளில் வரிசையாக நிறுத்தி முடித்தார்கள்.

ஆன்ட்டியின் சிப்பாய் சரியாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

சென்னை ராஜதானிக் கோயில்களின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கக் குறிப்புகளைக் கம்பெனி வருஷா வருஷம் லண்டனுக்கு நகலெடுத்து அனுப்பியது. 1698 முதல் உள்ளவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. படையில் சேர்ந்தவர்களின் பட்டியல்களும் அங்கே உண்டு. அதில் நம்மவர் கிடைத்துவிட்டார்: 1809ல் வயது 24, தொழில் நெசவு, ஊர் வில்ட்ஷயரில் ஒரு கிராமம். வில்ட்ஷயர் கம்பளி நெசவு நாடு. 1802ல் அங்கே துணித் தொழிலாளர்கள் இயந்திரங்களுக்கு எதிராகக் கலவரமே செய்திருக்கிறார்கள். தறிக்காரர் ஒருவர் துப்பாக்கி தூக்கியதில் ஆச்சரியமில்லை.

ஆக, பிறந்தது 1785 வாக்கில். கிராமத்துப் புத்தகத்தில் அதே பெயரில் இரண்டு பேர். ஒருவன் 1785ல் ஞானஸ்நானம், ஏழை அடையாளத்தோடு. இன்னொருவன் 1795ல், கூடப் பிறந்த மூவரோடு ஒரே நாளில், வயது போடவில்லை. 1787ல் அதே பெயரில் ஓர் அடக்கமும் இருக்கிறது. முதல் பையன் இரண்டு வயதில் போய்விட்டானா, இல்லை அது அவன் தாத்தாவா? 1813ல் அச்சடித்த படிவம் வந்த பிறகுதான் அடக்கத்தில் வயது எழுதுவது கட்டாயம். பிஷப்புக்குப் போன நகலிலும் அதே மொட்டை வரிதான்.

முதல் பையனைப் பிடித்துக்கொண்டால் 1660 வரை ஏணி மாதிரி மேலே போகலாம், அத்தனை சுத்தமான வரிசை. இரண்டாமவன் என்றால் அவன் அப்பாவே வேறு ஊரிலிருந்து வந்தவர், அதோடு சரி. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பாதி இந்த மாதிரி இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீளமான ஏணியில் ஏறியவைதான் என்பது என் அபிப்பிராயம். நான் இரண்டையும் தாளில் எழ்திக் காட்டினேன். ஆன்ட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, பைபிளில் பேனாவால் எழுத வேண்டாம் என்று இரண்டு பேரையும் பென்சிலில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. "அது சரி, அந்தாளு பொண்டாட்டி யாரு?"

1821ல் திருச்சியில் அந்தச் சிப்பாயின் மகனுக்கு ஞானஸ்நானம். அப்பாவின் பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் மட்டும். குடும்பப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. உள்ளூர்ப் பெண்களை அந்த ஏடுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், பல இடங்களில் அந்த ஒற்றைப் பெயர்கூட இல்லாமல். வில்ட்ஷயர் நெசவாளியின் அப்பா யார் என்பதற்காவது இரண்டு விடை இருக்கிறது. ஆன்ட்டி வீட்டில் இன்றைக்கும் பேசுகிற தமிழ் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடையும் இல்லை.

இதே குடைச்சலில் வேறு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் லண்டன் செயின்ட் டயோனிஸ் கோயில் ஏட்டில் இன்னொருவனைப் பார்த்தேன். 1616 டிசம்பர் 22. கிழக்கிந்தியப் பையன் ஒருவனுக்கு ஞானஸ்நானம். பேட்ரிக் கோப்லண்ட் என்ற கப்பல் பாதிரியார் 1614ல் மசூலிப்பட்டினம் பக்கமிருந்து கூட்டிக்கொண்டு போனவன். இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயண தூரம்தான் அந்த ஊர். லண்டன் மேயரும் கம்பெனிப் பெரிய மனிதர்களும் வந்திருந்தார்கள். பீட்டர் என்ற பெயரை ராஜா ஜேம்ஸே தேர்ந்தெடுத்தார். அந்தக் கோயில் 1666 பெருந்தீயில் எரிந்து, திரும்பக் கட்டி, 1878ல் இடித்தும் ஆயிற்று. ஏடு பிழைத்திருக்கிறது. அம்மா அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று அதில் இல்லை. அடுத்த வருஷமே கோப்லண்டோடு மறுபடி கப்பலேறிவிட்டான். 1620ல் அவன் லத்தீனில் எழுதிய கடிதங்களை கோப்லண்ட் பின்னால் அச்சில் போட்டார். பெட்ரஸ் பாப்பா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.