வெடிப்பை அடைத்த கைகள்



பழைய மண்வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறது, சீமெந்து பூசலாமா என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். வேண்டாம் என்றோம். ஏன் என்று சொல்லப்போனால் படுவான்கரைக் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டி வருகிறது.

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனால் இன்று கண்ணில் படுவது கல்வீடுகள். நமது மூத்தவாப்பாமார் அந்த வட்டைகளில் வெள்ளாமை செய்த காலத்தில் போடியாருக்குத்தான் கல்வீடு. முல்லைக்காரருக்கும் கூலிக்கு வந்தவருக்கும் மண்வீடு; வயல் வாடியும் அப்படித்தான்.

கப்பு நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டினால் சுவர் முழுக்க இடைவெளிதான். அதை அடைப்பதுதான் வீடு கட்டுவதில் பாதி வேலை. புற்றுமண்ணை ஊறவைத்து, வைக்கோல் போட்டுக் காலால் மிதித்து, உருண்டை பிடித்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று ஒரே இடத்தில் அழுத்துவார்கள். இரண்டு உருண்டையும் நடுவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். காயும்போது களி சுருங்கும், வெடிக்கும். பிறகு மணல் கூடிய சாந்து, அதற்கு மேல் சாணம். மெழுகுவது பெண்களின் வேலை. வயற்காணி உறுதியில் போடியார் பெயர் இருக்கும், வாடிச் சுவரை மெழுகியவளின் பெயர் எங்கும் இராது.

குளிர் நாடுகளில் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடுகளிலும் இதே பாடுதான். அங்கே இடுக்குகளில் பாசியும் களிமண்ணும் திணித்தார்கள். அவர்கள் அடைத்தது குளிருக்கு, நம்மவர்கள் அடைத்தது வாடைக்காற்று மழைக்கு.

1978 நவம்பர் 23 சூறாவளி கல்வீடு, மண்வீடு என்று பார்க்கவில்லை. ஆனாலும் விழுந்த மண்ணையே மறுபடி குழைத்துச் சுவர் வைக்க முடிந்தது. 1990இல் வந்தது வேறு. வயலுக்குப் போக முடியாத வருடங்கள் அவை. அக்கரையிலும் சனங்கள் ஊர்விட்டு ஊர் ஓடினார்கள். மெழுக ஆளில்லாத சுவர் எத்தனை மாரி தாங்கும்? கூரை போனால் மண் கரைந்து மண்ணோடு சேர்ந்துவிடும், கப்பைக் கறையான் முடித்துவிடும்.

திரும்பிப் போனவர்களுக்கு அதுதான் பெரிய இடி. கல்வீடென்றால் அத்திவாரமாவது கிடக்கும். மண்வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. "இங்கதான் எங்கட வாடி" என்று காட்டக் கிணறும் ஒரு புளியமரமும் இருந்தால் அதிர்ஷ்டம். நமக்கும் அப்படித்தான், அக்கரைத் தமிழ்ச் சகோதரர்களுக்கும் அப்படித்தான். காணிப் பிணக்கு என்று பேசும்போது இதை இரு பக்கமும் மறந்துவிடுகிறோம். சுவர் இல்லை என்பதால் குடியிருக்கவில்லை என்றாகிவிடுமா?

சரி, கேட்டவருக்கு வருவோம். மண் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். சீமெந்து அதனோடு அசையாது. கொஞ்ச நாளில் தோல்போலக் கழன்று நிற்கும், பின்னால் இறங்கிய தண்ணீர் கப்பை உக்க வைக்கும். வெடிப்பைக் கொஞ்சம் அகலமாகச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, அந்தச் சுவரின் மண்ணுக்கு ஒத்த மண்ணையே மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து அழுத்துங்கள். காய்ந்ததும் மயிர்க்கோடுபோல மறுபடி வெடிக்கும், பயப்பட வேண்டாம், இன்னொரு பூச்சு போதும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.