குளிர்காலமும் பக்கவாத அபாயமும்: சீனத் தரவுகளின் மறுவாசிப்பு

மூளை இரத்தநாள நோய் உள்ளவர்களுக்குக் குளிர்காலத்தில் பக்கவாத அபாயம் கூடுவதற்கு வெளிவெப்பநிலையையே காரணமாகக் காட்டும் ஓர் ஆய்வு மரபு வேரூன்றியிருக்கிறது. வானிலை நிலையங்களின் அன்றாடப் பதிவுகளை மருத்துவமனைச் சேர்க்கைகளோடு பொருத்தி, வெளியே குளிர் கடுமையாக ஆக அபாயமும் ஏறும் என்று அது முடிவுகட்டுகிறது. நோயாளி நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வீட்டின் வெப்பநிலை அந்தக் கணக்கில் வருவதேயில்லை. இந்த விடுபடல் முடிவையே திரித்துவிடுகிறது என்பதும், நாம் அளக்க வேண்டியது வீட்டுக்குள் உடல் உணரும் குளிரையும் அதனால் உயரும் இரத்த அழுத்தத்தையும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான முதன்மைச் சான்று, வெளிக்குளிர்க் கோட்பாட்டுக்கு ஆதரவாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படும் சீனா கடூரி பயோபேங்க் ஆய்வு. 2004 முதல் 2008 வரை சீனாவின் பத்துப் பகுதிகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் இதய, இரத்தநாள நோய் ஏற்கெனவே கண்ட ஏறத்தாழ 23,000 பேரின் சராசரி சிஸ்டாலிக் அழுத்தம் கோடையில் 136 மி.மீ., குளிர்காலத்தில் 145 மி.மீ. என 2015இல் வெளியான பகுப்பாய்வு கூறுகிறது. இந்த 9 மி.மீ. வேறுபாடுதான் வழக்கமாக மேற்கோளாகிறது. ஆனால் முழுக் குழுவையும் ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், வெப்பநிலை குறையக் குறைய எல்லாப் பகுதிகளிலும் அழுத்தம் சீராக ஏறுகிறது. அதற்குக் கீழே, வீட்டில் மைய வெப்பமூட்டல் உள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. பனி உறையும் வடபுலத்திலும், வீடு சூடாக இருக்கும்வரை, மேலும் இறங்கும் வெளிக்குளிர் அழுத்தத்தை உயர்த்தவில்லை என்றே இதைப் படிக்க வேண்டும்.

மைய வெப்பமூட்டல் உள்ளவர்கள் நகரவாசிகள், வசதி படைத்தவர்கள், நல்ல சிகிச்சை பெறுபவர்கள். ஆகவே காரணம் வசதியே என்று மறுக்கலாம். கவனிக்கத்தக்க மறுப்புதான். கிராமங்களில் பருவ வேறுபாடு சராசரியாக 12 மி.மீ., நகரங்களில் 8 மி.மீ. என்பதும் அதற்குத் துணைநிற்கும். ஆயினும் வசதிதான் காரணமென்றால் எல்லா வெப்பநிலைகளிலும் அதன் பாதுகாப்பு தெரிந்திருக்க வேண்டும். வெப்பமூட்டிகள் இயங்கும் கடுங்குளிரில் மட்டும் தொடர்பு மறைவதற்கு வசதி விளக்கமாகாது. மேலும், ஹுவாய் ஆற்றுக்கு வடக்கிலுள்ள நகரங்களுக்கு மைய வெப்பமூட்டல் என்பது 1950களில் தொடங்கிய அரசுக் கொள்கை. தனிமனித வருமானத்தால் மட்டும் அமைந்ததன்று. ஐரோப்பாவின் 1997ஆம் ஆண்டு யூரோவின்டர் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது: 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் இறப்பு ஏதென்ஸில் 2.15 விழுக்காடு கூடியது. வீடுகளைச் சூடாக வைத்திருக்கும் தென் பின்லாந்திலோ 0.27 விழுக்காடுதான்.

பயோபேங்க் ஆய்வில் ஒவ்வொருவரின் அழுத்தமும் ஒரே பருவத்தில் ஒரே முறைதான் அளக்கப்பட்டது, எனவே கோடையில் வந்தவர்களும் குளிரில் வந்தவர்களும் வேறுவேறு ஆட்கள் என்ற ஐயம் நியாயமானது. பிரான்சின் மூன்று நகரங்களில் 65 வயதைக் கடந்தவர்களை இரண்டாண்டு இடைவெளியில் மீண்டும் அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு அந்த ஐயத்தைப் பெரிதும் தீர்க்கிறது. அங்கே அதே மனிதரின் அழுத்தமே வெப்பநிலை மாற்றத்தோடு சேர்ந்து மாறியது. குளிர்கால இறப்பு 41 விழுக்காடு அதிகம் என்ற பயோபேங்க் எண்ணை நான் சான்றாக்கவில்லை. இதயநோய் இறப்புகளும் அதில் கலந்துள்ளன. கோடை வெப்ப அலைகளைச் சுட்டும் மறுப்பு வேறோர் உடலியக்கத்தைப் பற்றியது. இந்த வாதத்தை அது தொடவில்லை.

9 மி.மீ. என்பது சிறிய எண்ணா? பக்கவாதமோ தற்காலிக மூளை இரத்தக்குறைவோ முன்பே கண்ட 6,105 பேரிடம் நடந்த புரோகிரஸ் மருந்துச் சோதனையில், சிஸ்டாலிக் அழுத்தம் சராசரியாக 9 மி.மீ. குறைந்தபோது பக்கவாதம் 28 விழுக்காடு குறைந்தது. மருந்து இறக்கிய அளவைக் குளிர்காலம் மீண்டும் ஏற்றிவிடுகிறது. சோதனை நான்கு ஆண்டுகள் நீடித்தது, பருவ ஏற்றம் சில மாதங்களே நீடிக்கிறது. எனவே 28 விழுக்காட்டை அப்படியே குளிர்காலத்துக்குப் பெயர்க்க முடியாது. ஆனால் ஏற்றத்தின் அளவைப் புறக்கணிக்கவும் முடியாது. அதற்கு உறைபனியும் தேவையில்லை. 1984இல் வெளியான ஒரு சோதனையில், 24 டிகிரிக் காற்றோட்டத்தில் ஆறு மணி நேரம் இருந்தவர்களின் அழுத்தம் 126/69இலிருந்து 138/87க்கு ஏறியது. இரத்தத்தின் பாகுத்தன்மை 21 விழுக்காடு கூடியது.

ஆகவே, குளிரில் வெளியே போகாதீர்கள் என்ற அறிவுரை மட்டும் நோயாளியைக் காக்காது. வெப்பமூட்டாத வீட்டுக்குள் அவரை அது நெடுநேரம் இருத்தவும் கூடும். குளிர்காலம் தொடங்குமுன் மருந்தளவை மறுபரிசீலிப்பதும், வீட்டிலேயே அழுத்தத்தை அளப்பதும், உலக சுகாதார அமைப்பு 2018இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச 18 டிகிரியை அறைக்குள் உறுதிசெய்வதும் இரண்டாம் பக்கவாதத் தடுப்பின் பகுதிகளாக வேண்டும். பக்கவாதப் பதிவேடுகள் நோயாளியின் அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கினால், இந்த வாதத்தை நேரடியாகச் சோதித்துவிடலாம்.