ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் இருந்த நாளில், வேலை நடக்க இன்கிரிமென்ட் ஒன்றே வழி என்று நம்பியவன் அடியேன். 1911இல் அமெரிக்க எஞ்சினியர் டெய்லரும் ஏறக்குறைய அதையே சொன்னார். 1943இல் மாஸ்லோ, வயிறு நிறைந்தவன் மதிப்பையும் தன் திறமை மலர்வதையும் நாடுவான் என்றார். (அவர் பெயரால் வழங்கும் பிரமிட் படத்தை அவர் வரையவில்லை!)

சாதிக்கும் வேட்கையைப் பெரியவர்களுக்கும் பயிற்சியால் ஊட்டலாம் என்று கருதிய மெக்லெலண்ட், அதைச் சோதித்த இடம் ஆந்திரத்துக் காக்கிநாடா. 1964இல் அவ்வூர் வியாபாரிகள் ஹைதராபாத் சிறுதொழில் பயிற்சி நிலையத்துக்குப் போனார்கள். படம் பார்த்துக் கதை எழுதுவதும் பாடத்தில் சேர்த்தி! திரும்பியவர்களில் பலர் புதிதாகத் தொழில் தொடங்கி, ஆட்களையும் சேர்த்தனர்.

1971இல் டெசி, புதிர் போட்ட மாணவர்களுக்குக் காசு கொடுத்துப் பின் நிறுத்தினார், ஆர்வமும் குறைந்தது.

பேரன் கணக்குப் போட்டால் சாக்லேட் தருவது என் வழக்கம். இதைப் படித்தபின் கை தயங்குகிறது. அவனோ டப்பாவையே பார்க்கிறான்.