க்ஷயரோகமும் எக்ஸ்ரே கிரணமும்

இன்று காசநோய் என்று வழங்கும் க்ஷயத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பமே கதிகலங்கிப்போன காலத்தில், நோயாளியின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வைத்தியருக்குத் தம் விரல்களையும் செவியையும் தவிர வேறு துணை கிடையாது. விடுதி நடத்திவந்த தகப்பனார் மதுப் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்துச் சரக்கின் மட்டத்தைக் கண்டுகொள்வதைச் சிறுவயதில் கவனித்திருந்தவர் என்று சொல்லப்படும் ஆவன்புருக்கர், வியன்னாவில் 1761ஆம் ஆண்டு, மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு நோயைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். 1816இல் பாரிஸ் நகரத்து லேனெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கி அந்தக் கலையைப் பின்னும் நுட்பமாக்கினார். எந்த நோயின் ஓசைகளை அவர் அவ்வளவு சிரத்தையோடு கேட்டு எழுதிவைத்தாரோ, அந்த நோயே பத்து ஆண்டுகளில் அவரைக் கொண்டுபோயிற்று. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24ஆம் தேதி பெர்லினில் க்ஷயக் கிருமியை உலகத்திற்குக் காட்டியபின் நோயின் காரணத்தைப் பற்றிய சந்தேகம் நீங்கிற்றே தவிர, உயிரோடிருப்பவனின் நுரையீரலுக்குள் அந்தக் கிருமி எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதைக் காண வழி பிறக்கவில்லை.

அந்த வழியைத் திறந்தவர் வைத்தியரே அல்லர். வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பௌதிக ஆசிரியராயிருந்த ரான்ட்கன், 1895 நவம்பர் 8ஆம் தேதி மாலை கண்டுகொண்ட கிரணங்களுக்கு, அவற்றின் இயல்பு விளங்காமையால், எக்ஸ் என்று பெயரிட்டார். அவற்றால் காசு சம்பாதிக்கும் உரிமையையும் வேண்டாமென்று விட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற மருத்துவர், ஒளிரும் திரைக்கு முன்னால் க்ஷயரோகிகளை நிறுத்திப் பார்க்கத் தொடங்கி, நோயுற்ற பக்கத்து உதரவிதானம் மூச்சோடு இறங்கவேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை என்பதைக் கண்டார். தட்டியும் கேட்டும் பழகிய முதிய வைத்தியர்களிற் பலர், இந்தப் புதிய வேடிக்கை தங்கள் செவிக்கு ஈடாகாது என்றே நெடுங்காலம் கருதியிருந்தனர். அவர்களை முழுவதும் குறைசொல்வதற்கில்லை. அந்நாளைய படங்கள் மங்கலானவை.

படத்தில் தெரிவது இன்னதென்று சற்று நின்று பார்ப்பது நல்லது. காற்று நிறைந்த நுரையீரலைக் கிரணங்கள் தடையின்றிக் கடந்து பிலிமைக் கருக்கச் செய்கின்றன. எலும்பு அவற்றைத் தடுத்து வெண்மையாகப் பதிகிறது. நோயினால் காற்றறைகள் நீரும் சீழுமாக நிரம்பிய இடம், இவ்விரண்டுக்கும் நடுவே, ஓரம் கலைந்த வெண்திட்டாக விழுகிறது. க்ஷயம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில், காறை எலும்பின் பின்னால் மறைந்துகொள்ளும். திசு அழிந்து குழிந்துபோனால் வெண்திட்டின் நடுவே கரிய வட்டம் ஒன்று தோன்றும். படம் எடுப்பவர், நெஞ்சைத் தட்டில் பொருத்தி, மோவாயை உயர்த்தி, கைகளை இடுப்பில் ஊன்றித் தோள்களை முன்னால் தள்ளச் சொல்லுவது, தோள்பட்டை எலும்புகள் விலகி நுரையீரலுக்கு வழிவிடவேண்டும் என்பதற்காகவே; மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுவதும் காற்று நிறைந்த இடம் நன்கு கறுத்து, நிறையாத இடம் தனித்துத் தெரியும்பொருட்டே. இத்தனை ஏற்பாடும் செய்தபின்னும் பிலிமில் விழுவது ஒரு நிழல். அந்த நிழலில் கிருமி தெரிவதில்லை.

பெரிய பிலிம் விலை மிகுந்த பொருளாகையால், நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கன்றி ஊரிலுள்ள எல்லாருக்கும் படம் எடுப்பது நினைத்துப் பார்க்கவும் முடியாததாக இருந்தது. பிரேசில் தேசத்து மனுவேல் தி ஆப்ரூ, ஒளிரும் திரையில் விழும் பிம்பத்தையே சாதாரண காமிராவால் 35 மில்லிமீட்டர் பிலிமில் சிறிதாகப் பிடித்துவிடலாம் என்று 1936இல் ரியோ டி ஜனீரோவில் செய்து காட்டி, அந்தத் தடையைத் தகர்த்தார். அவர் பெயராலேயே அங்கே வழங்கிய அந்த முறை, உலகமெங்கும் பரவிற்று. லாரியில் ஏற்றிச் செல்லத்தக்க யந்திரங்கள் தொழிற்சாலை வாசலுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் வந்தன. 1957ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 37 எக்ஸ்ரே வண்டிகளைக் கொண்டு, ஐந்தே வாரங்களில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சைப் படம் பிடித்தார்கள் என்றால், அக்காலத்து மக்களுக்கு அந்த நிழலின்மீது இருந்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்கும்.

நிழலைக் கொண்டு மருந்தை அளந்த பெருமையும் அக்காலத்தையே சேரும். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மாத்திரமும் தரப்பட்டன. ஆறு மாதத்தின் முடிவில் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நிபுணர்களுக்கு, எந்தப் படம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைத் தெரிவிக்காமலே வைத்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 100க்கு 51 பேருடைய நுரையீரல் படத்திலும், மற்றவர்களில் 100க்கு 8 பேருடைய படத்திலும் கணிசமான முன்னேற்றம் காணப்பட்டது. படத்தைப் பார்ப்பவரின் ஆசையும் அனுதாபமும் தீர்ப்புக்குள் புகுந்துவிடலாகாது என்ற இந்த எச்சரிக்கையை, அந்த மருந்துக்குச் சற்றும் குறையாத கண்டுபிடிப்பென்றே நான் மதிக்கிறேன்.

அந்த எச்சரிக்கை எவ்வளவு அவசியம் என்பது அதற்கு முந்திய ஆண்டே அமெரிக்காவில் வெளியாகியிருந்தது. எந்த அளவுப் பிலிம் சிறந்தது என்று தீர்மானிப்பதற்காக, பிர்கெலோ என்ற மருத்துவரும் யெருஷல்மி என்ற புள்ளிவிவர நிபுணரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், 1,256 பேருடைய மார்பை நால்வகையாகப் படம் பிடித்து ஐந்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். பிலிமுக்கும் பிலிமுக்கும் இருந்த வேறுபாட்டை, நிபுணருக்கும் நிபுணருக்கும் இருந்த வேறுபாடு விழுங்கிவிட்டது. அதைவிட வெட்கக்கேடு, அதே நிபுணர் அதே படத்தைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது தாம் முன்பு சொன்னதையே மறுத்தார்.

நம் தேசத்தில் 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எக்ஸ்ரே வண்டிகளை நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பி நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, க்ஷயம் பட்டணத்து நோய் என்ற பழைய எண்ணத்தைப் பொய்யாக்கிக் கிராமத்திலும் அது அதே அளவில் குடியிருப்பதைக் காட்டியது. ஆயிரத்தில் சுமார் 15 பேருடைய படத்தில் நோயின் நிழல் இருந்தது. கோழையில் கிருமி அகப்பட்டதோ சுமார் 4 பேரிடத்தில். கணிதமேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்தில் சிகிச்சை செய்த சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஆரம்பித்த சானடோரியத்தைப் போன்ற இடங்களில் கட்டில்கள் சொற்பமாயிருக்க, கண்டுபிடித்த இத்தனை பேரை எங்கே வைத்துக் காப்பது என்ற திகைப்பு எழுந்தது. அதற்கு விடை சென்னையிலேயே பிறந்தது. சேத்துப்பட்டில் 1956இல் அமைந்த க்ஷய மருந்து ஆராய்ச்சி நிலையம், நெருக்கடியான ஏழை வீட்டிலேயே ஓராண்டு மருந்து சாப்பிட்டவரும் சானடோரியத்தில் நல்ல ஆகாரத்தோடு படுத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைவதை 1959இல் நிலைநாட்டிவிட்டது.

பிறகு வண்டிகளுக்கு மவுசு குறைந்தது. இருமலோடு தாமாகவே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பியனுப்பிவிட்டு, வராதவர்களை வண்டியில் தேடிக்கொண்டிருந்தோம் என்பது துமகூர் ஜில்லாவில் நடந்த ஆய்விலிருந்து 1963இல் தெரியவந்தபோது, கோழையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே ஏழைத் தேசத்துக்கு ஏற்ற வழி என்று தீர்மானமாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழுவும் 1974இல், கண்டவர்க்கெல்லாம் படம் எடுப்பதை நிறுத்தச் சொன்னது. நியாயமான தீர்மானந்தான், ஆயினும் இருமாதவன் நெஞ்சிலும் நோய் இருக்கக்கூடும் என்பதை அது மறக்கச் செய்துவிட்டது.

2021இல் அதே ஸ்தாபனம், மனிதனுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரைக் கொண்டு மார்புப் படங்களைப் படிக்கலாமென்று அனுமதி வழங்கி, படத்தை மீண்டும் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 100க்கு 42.6 பேர், எக்ஸ்ரே எடுக்காமல் இருமலையும் காய்ச்சலையும் மாத்திரம் விசாரித்திருந்தால் அகப்படாமலே போயிருப்பார்கள். அந்தக் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்கும் சேத்துப்பட்டு நிலையமே.