பாடுகிறவர் காதில் என்ன கேட்கிறது?

சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டவர்கள் கவனித்திருப்பீர்கள். வர்ணம் பாதி போய்க் கொண்டிருக்கும்போதே பாடகர் மைக்காரரைப் பார்த்து ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டுவார். ஹாலுக்குச் சத்தம் போதவில்லை என்று அர்த்தமில்லை. எதிரே இருக்கும் மானிட்டர் பெட்டியில் தன் குரல் தனக்கே போதவில்லை என்று அர்த்தம். நமக்கு என்ன கேட்கிறது என்பதைவிட, தனக்கு என்ன கேட்கிறது என்பதுதான் பாடுகிறவரின் முதல் கவலை. அதில் தப்பும் இல்லை. காதில் விழுவதை வைத்துத்தானே சுருதியைப் பிடிக்க முடியும்!

இந்தக் கவலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு நல்ல அத்தியாயம் மும்பையில் நடந்தது.

1949. பம்பாய் டாக்கீஸ் தயாரித்த 'மஹல்' படம். கேம்சந்த் பிரகாஷ் இசை. 'ஆயேகா ஆனேவாலா' பாட்டுக்குப் பாழடைந்த மாளிகையில் தூரத்திலிருந்து ஒரு குரல் மெல்ல நெருங்கி வர வேண்டும். எதிரொலி மெஷின் கிடையாது. என்ன செய்தார்கள்? மைக்கை அறையின் நடுவில் வைத்துவிட்டு லதா மங்கேஷ்கரை மூலையில் நிறுத்தினார்கள். ஆரம்ப வரிகளைப் பாடியபடியே அவர் அடி அடியாக மைக்கை நோக்கி நடந்து வந்தார். இதை லதாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். (முதலில் வந்த இசைத்தட்டில் பாடகியின் பெயராக லதா என்று போடவில்லை, படத்தில் வரும் பாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் போட்டார்கள். அது தனிக் கதை.)

இதில் நான் பார்ப்பது வேறு. அன்று லதா காதில் கேட்டதும் மைக்கில் ஏறியதும் ஒரே அறையின் ஒரே ஒலி. எஃபெக்ட் தனி, குரல் தனி என்று பிரிக்க முடியாது. ஒரு அடி தவறினால் மொத்தமும் முதலிலிருந்து. எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால், ரிவர்சல் என்ட்ரி போட வழியே இல்லை.

பிரிக்கும் வேலை அதற்கு முன்பே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. 1947ல் சிகாகோவில் பில் புட்னம் என்ற எஞ்சினியர், ஸ்டூடியோவின் குளியலறையை எதிரொலி அறையாக்கினார். அங்கே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பாட்டை உள்ளே அனுப்பி, டைல்ஸில் மோதித் திரும்புவதை எடுத்து அசலோடு கலந்தார். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அதோடு அசல் ஒரு வயரிலும் எதிரொலி இன்னொரு வயரிலும் வர ஆரம்பித்தன. எதை எவ்வளவு, யாருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கலாம். 1957ல் ஜெர்மனியின் இ.எம்.டி. கம்பெனி குளியலறைக்குப் பதிலாகப் பெரிய இரும்புத் தகட்டைக் கொண்டுவந்தது.

நம் சினிமாவில் நெடுநாள் வரை பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே ரெக்கார்டிங் செய்தார்கள். வயலின் கூட்டத்தின் நாதத்தில் மிதந்துகொண்டே பாடலாம். ட்ராக் முறை வந்ததும் பாடகர் தனி அறையில், காதில் ஹெட்போனோடு ஒற்றையாக நின்றார். அங்கே வெறும் குரலைக் கேட்டால் யாரோ அந்நியர் பாடுவது போலிருக்கும். நம் குரலை நாம் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம். ஹெட்போனில் வருவதில் அந்த எலும்புப் பங்கு கிடையாது. அதனால்தான் ஹெட்போனில் மட்டும் கொஞ்சம் ரிவர்ப் சேர்ப்பது வழக்கமாயிற்று. பாடகர் கையில் பாஸ்புக், டேப்பில் லெட்ஜர். பாஸ்புக்குக்கு எவ்வளவு அலங்காரம் செய்தாலும் லெட்ஜரில் இருப்பது வெறும் குரல்தான்.

அப்புறம் ஸ்டூடியோ வீட்டுக்கே வந்தது. அமெரிக்காவில் லெஸ் பால் எப்போதோ செய்ததை, நம் பக்கம் 1989ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறம் செய்தார். 1992ல் அங்கிருந்து 'ரோஜா' வந்தது. மும்பையில் வளர்ந்த ஹரிஹரனும், நம்ம செம்பூர்க்காரர் சங்கர் மகாதேவனும் ரஹ்மானுக்குப் பாடித்தான் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது புதுத் தலைவலியும் வந்தது: தாமதம். கம்ப்யூட்டர் ஒலியை உடனுக்குடன் தருவதில்லை, சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டித்தான் தரும். செகண்டுக்கு 44,100 சாம்பிள் எடுக்கும்போது 512 சாம்பிள் கொண்ட மூட்டை என்றால் சுமார் 11.6 மில்லி செகண்ட். போக ஒரு மூட்டை, வர ஒரு மூட்டை. ஆக, குறைந்தது 23. அதனால் என்ன என்கிறீர்களா? ஒலி செகண்டுக்கு 343 மீட்டர் போகும். 23 மில்லி செகண்டில் ஏறக்குறைய 8 மீட்டர். உங்கள் குரலே எட்டு மீட்டர் தள்ளி நின்று பாடுகிற மாதிரி! எலும்பு வழியாகவோ உடனே கேட்கிறது. இரண்டும் சண்டை போட்டால் தாளம் எங்கே நிற்கும்?

ராப் பாடுகிறவர்களுக்கு இது பெரிய அவஸ்தை. தாராவிப் பையன்கள் ஹிப்ஹாப்பில் வளர்ந்து, 2018ல் 'காலா' படப் பாடல்கள் வரை டோபடெலிக்ஸ் குழுவாகப் போனார்கள். ராப்பில் ராகம் இழுத்துச் சமாளிக்க இடமில்லை. எழுத்துக்கு எழுத்து பீட்டில் விழ வேண்டும்.

வழி என்ன? மூட்டையை 64 ஆகக் குறைத்தால் தாமதம் 3 மில்லி செகண்ட் அளவுக்கு இறங்கும். ஆனால் பழைய லேப்டாப் மூச்சு வாங்கும், படபடவென்று சத்தம் வரும். நான் பார்த்தவரை புத்திசாலித்தனமான வழி, புட்னத்தின் இரண்டு வயர் தத்துவம்தான். இப்போதைய ஆடியோ இன்டர்ஃபேஸ் பலவற்றில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் வெறும் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வரும். கம்ப்யூட்டரிலிருந்து ரிவர்பை மட்டும், அசல் குரல் கலக்காமல் அனுப்ப வேண்டும். அது 20 மில்லி செகண்ட் தாமதித்து வந்தால் குற்றமில்லை. எதிரொலி எந்த ஊரில் முன்னால் வந்தது? :-)

அளவும் முக்கியம். ரிவர்ப் கூடினால் சுருதி விலகுவது பாடுகிறவருக்கே தெரியாது. எல்லாம் தேனாகத்தான் கேட்கும். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் சும்மா ஸ்டைலுக்கு அப்படிச் செய்வதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பிள்ளைகள் ஆசையாக ஒரு மைக்கை வாங்கி லேப்டாப்பில் பாட உட்காருகிறார்கள். பாட்டு வகுப்பில் சரியாக நிற்கிற தாளம் ஹெட்போன் மாட்டியதும் இழுக்கிறது. "பத்து வருஷம் பாட்டுக்கு ஃபீஸ் கட்டினேன், தாளமே நிக்கலியே" என்று பெற்றவர்கள் திட்ட, குழந்தை மைக்கை மூட்டை கட்டி வைத்துவிடுகிறது. திட்டுவதற்கு முன் அந்த 512ஐ ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முடிந்தால் ஹெட்போனை நீங்களும் மாட்டிக்கொண்டு ஒரு சரளி வரிசை பாடிப் பாருங்கள்.