தட்டை நீர் நாட்டில் மக்காச்சோளம்

ஊர்ப்பெயர்களுக்குள் வரலாறு உறங்குவதை நம் வாசகர்கள் நன்கறிவர். அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள நெப்ராஸ்கா மாநிலத்தின் பெயர் ஓட்டோ எனும் பூர்வகுடி மக்களின் மொழியில் 'தட்டையான நீர்' என்று பொருள்படும். அங்கு ஓடும் ஆற்றுக்குப் பிரெஞ்சு வணிகர்கள் இட்ட 'பிளாட்' என்ற பெயருக்கும் பொருள் அதுவே. அகன்று, ஆழமின்றி, மணற்படுகையில் பரந்து செல்லும் ஆறு அது. அந்த மணலையும் அதனடியில் ஓடும் நீரையும் நினைவில் கொள்ளுங்கள். நாம் சொல்லவந்த வரலாறு முழுவதும் அவற்றைச் சுற்றியே நிகழ்ந்தது.

மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்னும் புல்லிலிருந்து மனிதர் உருவாக்கிய பயிர் மக்காச்சோளம். பிளாட் ஆற்றுப் பக்கத்தில் பானி இன மக்கள் அதைத் தாயாகப் போற்றி விளைவித்தனர். 1870களில் அவர்கள் தெற்கே வெளியேற நேர்ந்தது. நிலம் குடியேறிகளின் வசமாயிற்று. 1866இல் அமெரிக்க அரசு விளைச்சலைக் கணக்கெடுக்கத் தொடங்கியது முதல் 1930கள் வரை நாட்டின் சராசரி, ஏக்கருக்கு 26 புஷலை ஒட்டியே, அதாவது சுமார் 660 கிலோவாகவே நின்றது. எழுபது ஆண்டு உழைப்பும் அந்த எண்ணை அசைக்கவில்லை! 1934, 1936 ஆண்டுகளின் வறட்சியோ இருந்ததையும் கருக்கிற்று.

பின்னர் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. வீரிய ஒட்டு விதை 1930களில் பரவியது. ஜெர்மனியில் ஹேபர் கண்டு, பாஷ் 1913இல் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்த அமோனியாத் தொழில்நுட்பம், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வெடிமருந்துக்குப் பதிலாக உரத்தை மலிவாகத் தந்தது. கொலராடோவின் உழவர் ஃபிராங்க் ஸைபாக், மையத்தில் நின்று வட்டமாகச் சுழன்று நீர் தெளிக்கும் பொறிக்கு 1952இல் காப்புரிமை பெற்றார். வானூர்தியிலிருந்து பார்ப்போர் வியக்கும் பச்சை வட்டங்கள் அவருடைய கைவண்ணமே. ஒரு வட்டம் சுமார் 130 ஏக்கர்.

நீரும் தழைச்சத்தும் தனித்தனியே பலன் தருவனவல்ல என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம். தழைச்சத்தைச் செடி பெரும்பாலும் நைட்ரேட்டாக, மண்ணீரில் கரைந்த நிலையில் உறிஞ்சுகிறது. மண் காய்ந்தால் உரம் வேருக்கு வந்து சேராது. தழைச்சத்து குறைந்தால் இலை வெளுத்துப்போக, பாய்ச்சிய நீர் தானியமாக மாறாது. செடியின் பசி மிகுவது எட்டு இலைப் பருவம் முதல் கதிரில் பட்டிழை வெளிவரும் வரை. அந்தப் பட்டிழை நாட்களில் நீர் தட்டினால் இழை தாமதமாகும். ஆண்பூவின் மகரந்தம் அதற்குள் உதிர்ந்து தீர்ந்துவிடும். பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் அக்கதிரில் மணி பிடிக்காது.

எனவே உழவர் என்ன செய்தார்? ஐயம் தீர இரண்டையும் அதிகமாகவே இட்டார். விதைக்கு முன்பே, சிலர் முந்தைய இலையுதிர் காலத்திலேயே உரமிட்டனர். மணற்பாங்கான நிலத்தில், பயிர் பசிக்கும் முன்பே மழையும் பாசனமும் நைட்ரேட்டை அடியே இழுத்துச் சென்றன. விளைச்சல் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடிக்குப் போனது தெரியாது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் கிணற்றுக்குத் தெரிந்தது. அயோவாவின் மருத்துவர் ஹன்டர் காம்லி, கிணற்று நீரின் நைட்ரேட்டால் கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததை 1945இலேயே எழுதியிருந்தார். அந்தக் கிணறுகளைக் கெடுத்தவை பெரும்பாலும் தொழுவமும் கழிவும்தான், உரமல்ல. எனினும் அந்த ஆய்வு தந்த அச்சத்திலிருந்தே, குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்ற வரம்பு பிறந்தது. பிளாட் பள்ளத்தாக்கில் பல கிணறுகள் அதைத் தாண்டின.

1972 முதல் நெப்ராஸ்காவில் ஆற்றுப்படுகை வாரியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் இயற்கைவள மாவட்டங்கள் இயங்குகின்றன. அவற்றுள் மத்திய பிளாட் மாவட்டம் 1987இல் விதிகளை வகுத்தது. நைட்ரேட் மிகுந்த பகுதிகளில் மண்ணையும் பாசன நீரையும் சோதித்தாக வேண்டும். மணல் நிலத்தில் இலையுதிர்கால உரம் கூடாது.

பாசன நீரை ஏன் சோதிக்க வேண்டும்? இங்கேதான் கணக்கு சுவையாகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் உள்ள நீரை ஒரு பருவத்தில் 25 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து சேர்ந்துவிடுகிறது. முன்பு காசு கொடுத்து வாங்கி இழந்த உரமே மேலேறி வருகிறது! அதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் இடலாம்.

1990களில் அங்குள்ள ஆய்வாளர்கள் இன்னொரு வழியும் காட்டினர். வயலில் ஒரு பட்டைக்கு மட்டும் நிறைய உரமிட்டு, அதன் இலைப் பச்சையோடு மற்ற செடிகளைக் கருவியால் ஒப்பிடுவது. மற்றவை 95 விழுக்காட்டுக்குக் கீழே வெளுத்தால் பாசன நீரோடு சிறிது உரம் கலப்பது. செடி கேட்கும்போது கொடுக்கும் முறை இது.

அந்த மாவட்டத்தில் நிலத்தடி நைட்ரேட் குறையத் தொடங்கியது, மிக மெதுவாக. மேல்மண்ணிலிருந்து நீர்மட்டம்வரை நைட்ரேட் இறங்க, ஆழமான இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். நாட்டின் சராசரி விளைச்சல் இன்று ஏக்கருக்கு 170 புஷலைக் கடந்துவிட்டது. அங்கே இன்று ஒருவர் கிணற்றிலிருந்து முகந்து குடிப்பது, அவருடைய தந்தை இட்ட உரமாகவும் இருக்கலாம்.