டயல்-அப் இணைப்பு: மறு அழைப்பும் பாதுகாப்பும்

தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் கொண்டு இணையத்தை எட்டும் முறைக்கு டயல்-அப் என்று பெயர். மலேசியாவில் 1992ஆம் ஆண்டு மைமோஸ் தொடங்கிய ஜாரிங் சேவையும், 1996இல் வந்த டி.எம்.நெட் சேவையும் இந்த வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தன. 1515 என்ற எண்ணை மோடம் அழைக்கும்போது எழும் கீச்சொலி, அந்நாளில் கணினி வைத்திருந்த குடும்பங்களுக்கு மறக்காது. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் பிராட்பேண்ட் வந்த பிறகு டயல்-அப் படிப்படியாகக் குறைந்தது.

ஆனால் அதற்கான அமைப்புகள் விண்டோஸ் கணினிகளில் இன்றும் உள்ளன. *99# என்ற எண்ணை அழைத்து இணையும் பழைய யு.எஸ்.பி மோடம்களும், அலுவலக வலையமைப்போடு இணைக்கும் வி.பி.என் இணைப்பும் ஏறக்குறைய அதே பக்கங்களைத்தான் பயன்படுத்துகின்றன. இணைப்பின் பெயரில் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால், 'ஆப்ஷன்ஸ்', 'செக்யூரிட்டி' என இரு பகுதிகள் தெரியும். முதலாவது தொலைபேசிக் கட்டணத்தைத் தீர்மானிக்கும். இரண்டாவது கடவுச்சொல்லைக் காக்கும்.

மறு அழைப்பு

'ரீடயல் அட்டெம்ப்ட்ஸ்' என்பது இணைப்பு கிடைக்காவிட்டால் எத்தனை முறை மீண்டும் அழைக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். வழக்கமாக இது 3 முறை, இடைவெளி 1 நிமிடம் என்று இருக்கும். இதை மாற்றுமுன், அழைப்பு ஏன் தோற்றது என்று பிழை எண்ணைப் பார்ப்பது நல்லது.

பிழை 676 வந்தால் மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது. இதற்கு மறு அழைப்பே மருந்து. எண்ணிக்கையை 10 ஆக்கி, இடைவெளியை 10 அல்லது 30 விநாடியாகக் குறைக்கலாம். மறுமுனை எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் நட்டமும் இல்லை.

பிழை 680 என்றால் டயல் ஒலி கேட்கவில்லை. கம்பி கழன்றிருக்கலாம், அல்லது வீட்டில் வேறொருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை அழைத்தாலும் பயன் இல்லை. அலுவலகத்தில் வெளி அழைப்புக்கு 9 தட்ட வேண்டியிருந்தால் '9,1515' என்று எழுத வேண்டும். நடுவில் உள்ள காற்புள்ளி மோடத்தைச் சற்றே காத்திருக்கச் செய்யும்.

பிழை 691தான் கையைக் கடிப்பது. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று இது சொல்கிறது. அப்படிச் சொல்வதற்கே மறுமுனை மோடம் அழைப்பை எடுத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். உடனே நிறுத்திவிட்டு, எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். 'கேப்ஸ் லாக்' விசையையும் கவனிக்க வேண்டும்.

'லைன் அறுந்தால் மீண்டும் அழை' என்ற பொருள் தரும் தெரிவும் அதே பக்கத்தில் உண்டு. இரைச்சல் மிகுந்த தோட்டப்புறக் கம்பிகளில் இது வசதியாகத் தோன்றும். ஆனால் கணினி முன் ஆள் இல்லாதபோதும் அது அழைத்துக்கொண்டே இருக்கும். இதைப் பயன்படுத்துவோர், 'ஐடில் டைம்' என்பதை 10 நிமிடமாக வைப்பது நல்லது. 'நெவர்' என்று விட்டால், யாரும் பயன்படுத்தாத இணைப்புக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடும். கால் வெயிட்டிங் ஒலியாலும் இணைப்பு அறுபடும் என்பதால், அந்த வசதியை நிறுத்தி வைக்கலாம்.

பாதுகாப்பு

'செக்யூரிட்டி' பகுதி, கணினி தன்னை மறுமுனைக்கு எப்படி அடையாளம் காட்டுகிறது என்பதைத் தீர்மானிக்கும். பேப் என்ற பழைய முறையில் கடவுச்சொல் அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். சேப் முறையில் மறுமுனை ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய எண்ணை அனுப்பும். கணினி அதைக் கடவுச்சொல்லோடு சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. எம்.எஸ்.சேப் பதிப்பு 2 இன்னும் ஒரு படி மேல். அதில் மறுமுனையும் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். எனினும் 2012இல் அதையும் உடைக்கும் வழி வெளிப்படையாகக் காட்டப்பட்டதால், வி.பி.என் இணைப்பில் அதை மட்டும் நம்புவது போதாது.

பழைய விண்டோஸில் 'அலோ அன்செக்யூர்ட் பாஸ்வேர்ட்' என்று இருந்தால் பேப் முறைக்கும் கணினி இணங்கும். அதை 'ரிக்வயர் செக்யூர்ட் பாஸ்வேர்ட்' என்று மாற்றிப் பார்க்க வேண்டும். இணைப்பு கிடைத்தால் அப்படியே விடலாம். கிடைக்காவிட்டால் மறுமுனை பேப் மட்டுமே ஏற்கிறது என்று பொருள் கொள்ளலாம். அந்தக் கடவுச்சொல்லை வங்கிக் கணக்குக்கோ மின்னஞ்சலுக்கோ பயன்படுத்தக் கூடாது. குறியாக்கத்தைக் கட்டாயமாக்கி பிழை 742 வந்தால், மறுமுனையில் அந்த வசதி இல்லை. பொது இணையச் சேவையில் அதைத் தளர்த்தலாம், அலுவலக வி.பி.என் என்றால் தளர்த்தாமல் நிர்வாகியிடம் கேட்பதே முறை.

எண்ணே மாறினால்?

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பல நாடுகளில் 'டயலர்' என்ற தீய நிரல்கள் பரவின. அவை ஓசையின்றி இணைப்பைத் துண்டித்து, அதிகக் கட்டணம் கொண்ட வெளிநாட்டு எண்ணை அழைத்தன. மாத முடிவில் பில் வந்த பிறகே குடும்பத்தாருக்குத் தெரிந்தது. கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

மோடத்தின் ஒலியை அணைக்காமல் வைத்தால், கேட்காமல் நடக்கும் அழைப்பு காதில் விழ வாய்ப்புண்டு. இணைக்குமுன் திரையில் உள்ள எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத வீட்டில், அதை முடக்கித் தரும்படி தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கலாம். பயன்படுத்தாத நேரத்தில் மோடத்தின் கம்பியைக் கழற்றி வைத்தால், எந்த நிரலாலும் அழைக்க முடியாது.